முன்சென்ற விமானம் விட்டுச்செல்லும் சுழல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஊருக்குப் போய்த் திரும்புகையில் விமானம் லண்டனுக்கு மேலே வட்டமடிக்கத் தொடங்கியதும், "வரிசையாக இறக்கிவிட வேண்டியதுதானே, எதற்கு இந்தத் தாமதம்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். விமானப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய நான் அதற்குச் சொல்லும் பதில் ஒன்றே: ஓடுபாதை காலியாக இருக்கலாம், ஆனால் அதற்கு வந்து சேரும் காற்றுவழி காலியாக இல்லை.

நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்ததும் மோட்டார் சைக்கிள் ஒரு குலுங்கு குலுங்குமல்லவா? விமானத்துக்குப் பின்னாலும் அப்படித்தான். இறக்கையின் அடியில் அழுத்தம் மிகுதி, மேலே குறைவு. ஆகவே அடிக்காற்று இறக்கை நுனியைச் சுற்றிக்கொண்டு மேலேற முயல, ஒவ்வொரு நுனியிலிருந்தும் கயிறு முறுக்கியதுபோல ஒரு சுழல் பின்னால் நீள்கிறது. எடை கூடக்கூட, வேகம் குறையக்குறைய, அதன் முறுக்கு வலுக்கிறது. லாரியின் காற்று நொடியில் அடங்கிவிடும். இது கண்ணுக்குத் தெரியாமலே இரண்டு மூன்று நிமிடம்கூட நீடிக்கும்.

ஹீத்ரோ ஓடுபாதையின் கிழக்கு முனையை ஒட்டி மிர்ட்டில் அவென்யூ என்றொரு தெரு உண்டு. காற்றடங்கிய ஒரு மாலை வேளையில் அங்குள்ள புல்வெளியில் நின்றிருந்தேன். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380 ஒன்று தலைக்கு மேலே இரைந்தபடி போய்த் தரையைத் தொட்டது, இரைச்சல் அடங்கியது. அதன் பிறகுதான், இலைகூட அசையாத அந்த அமைதியில், துணியைக் கிழிப்பதுபோன்ற ஓர் ஒலி மேலிருந்து இறங்கி வந்தது. மரக்கிளை ஒன்று தானாக ஆடி நின்றது. வானில் ஒன்றுமே இல்லை, ஆனால் சுழல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளின் கூரை ஓடுகளை இதே சுழல் பெயர்த்துவிடுவதும், விமான நிலையமே அவற்றைச் சீர்செய்து தருவதும் அங்கே குடியிருக்கும் நேயர்கள் அறிந்ததே.

ஓட்டைப் பெயர்க்கும் சுழல் விமானத்தையும் புரட்டும். 1972 மே 30 காலை, அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகருக்கு அருகே, டெல்டா நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஒன்று பயிற்சிக்காகத் தரையிறங்க நெருங்கியது. அதற்கு முன்னே மிகப் பெரிய டிசி-10 ஒன்று அதே ஓடுபாதையைத் தொட்டு மேலேறியிருந்தது. சுழல் குறித்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம் எச்சரித்தும், சிறிய விமானம் ஓடுபாதைக்கு மேலேயே பக்கவாட்டில் ஆடி, வலப்புறம் சரிந்து, இறக்கை நுனி தரையில் மோதிக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த நால்வரும் உயிரிழந்தனர். அதன் பின்னரே இடைவெளி விதிகள் திருத்தப்பட்டன. பின்னாளில் வந்த ஏ380-க்கு, அதைத் தொடரும் நடுத்தர விமானம் 7 கடல் மைல் விலகி வர வேண்டும் என்று சர்வதேச விதி வகுக்கப்பட்டது.

இதை நான் எங்கே பேசினாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பயணிகள் புயற்காற்றுக்கு அஞ்சுகிறார்கள், ஆனால் இந்தச் சுழலுக்கு ஏற்ற நாள் காற்றடங்கிய நாள்தான். பலத்த காற்று சுழலைச் சிதைத்துவிடும். அமைதியான காற்றில் அது உருக்குலையாமல் கிடக்கும். உயரத்தில் என்றால் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கி வழிவிடும். தரைக்கு அருகிலோ, இறங்க இடமின்றிப் பக்கவாட்டில் பரவும். மெல்லிய குறுக்குக் காற்று வீசினால், ஒரு சுழல் ஓடுபாதைக்கு மேலேயே நின்றுவிடும். அமைதியான நாளையே அஞ்ச வேண்டும்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சுருக்குகிறேன். எதிர்க்காற்று பலமாக வீசினால், அதே மைல்களைக் கடக்க விமானத்துக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். சுழலோ விரைவில் கலைந்துவிடும். ஆகவே ஹீத்ரோவில் 2015 முதல், தரையிறங்கும் விமானங்களுக்கிடையிலான இடைவெளியைத் தொலைவாக அன்றி நேரமாகக் கணக்கிடுகிறார்கள். காற்று பலமாக வீசும் நாட்களில் அங்கே தாமதம் குறைந்ததற்கு இதுவே காரணம். வணக்கம்.