ஈம் கிராமத்தில் இறந்தவர் கணக்கு தெரியும், இருந்தவர் கணக்கு ஏன் தெரியாது?

அடுத்த கேள்வி, இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு நேயர் அனுப்பியது. "பக்கத்தில் ஈயம் என்ற கிராமத்துக்குப் போயிருந்தோம். 1665, 66-ல் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பெயரையும் தேதியையும் அவரவர் வீட்டு முன்னால் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்போது ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவர் 350 என்கிறார், இன்னொருவர் 800 என்கிறார். இது எப்படி?"

முதலில் ஊர்ப் பெயர். எழுத்தைப் பார்த்தால் ஈயம் என்றுதான் வாசிக்க வரும், ஆனால் அவர்கள் சொல்வது 'ஈம்'. வேடிக்கை என்னவென்றால், அது ஈயச் சுரங்க ஊரேதான். தற்செயல்தான், இதை வைத்து யாரும் தமிழ்ப் பெயர் என்று கிளம்பிவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1538-ல், அவருடைய அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஏட்டில் எழுத வேண்டும், ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். கவனியுங்கள், எழுதச் சொன்னது மூன்று சடங்குகளை. ஊரில் இருக்கிற தலைகளை எண்ணச் சொல்லவில்லை. அதனால்தான் 1665 செப்டம்பர் 7-ல் புதைக்கப்பட்ட ஜார்ஜ் விக்கர்ஸ், லண்டனிலிருந்து துணி வந்த தையற்காரர் வீட்டில் வேலை பார்த்தவர், இன்றும் பெயரோடு இருக்கிறார். அவரோடுதான் அந்த ஊரில் நோய் தொடங்கியது. நோய் ஓய்ந்தபின் பாதிரியார் வில்லியம் மாம்பெசன் ஒரு கடிதத்தில் 76 குடும்பங்களில் 259 பேர் போய்விட்டதாக எழுதினார். அவர் மனைவி கேத்தரினும் 1666 ஆகஸ்டில் போய்விட்டார், கல்லறை சர்ச் வளாகத்தில் இருக்கிறது.

உயிரோடு இருந்தவர்களை எண்ண வேண்டுமானால் அடுப்பு வரிப் பட்டியலைப் பிடிக்க வேண்டும். 1662-ல் வந்த வரி, வீட்டில் எத்தனை அடுப்போ அத்தனைக்கும் பணம். அது எண்ணுவது அடுப்பை, ஆளை அல்ல. ஒரு வீட்டுக்கு இத்தனை பேர் என்று வைத்துப் பெருக்க வேண்டியதுதான். வரி கட்ட முடியாத ஏழைகள் பட்டியலில் விட்டுப்போயிருந்தால் தொகையும் குறையும். 350-க்கும் 800-க்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கென்னவோ 350 ரொம்பக் குறைச்சலாகத் தெரிகிறது. 350-ல் 260 பேர் போனால் மிஞ்சுவது 90 பேர், அந்த ஊர் எழுந்திருக்கவே முடியாது.

அப்புறம் ஒரு பொறி. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புது வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். நமக்கு 1666 பிப்ரவரி என்றால் அந்த ஏட்டில் 1665 பிப்ரவரி. தெரியாமல் வாசித்தால், செப்டம்பரில் நோய் வருவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே ஆட்கள் செத்ததாகத் தோன்றும்! குளிர்காலத்துச் சாவுகளைப் பார்க்கும்போது ஏட்டில் முன்பின் வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊருக்கு வெளியே ரைலி என்ற இடத்தில் வட்டச் சுவருக்குள் சில கற்கள் பார்த்திருப்பீர்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். ஏட்டில் அந்த ஏழு பேரும் ஏழு வரி. குழி வெட்டியவள் அந்த வரிகளில் இல்லை, அவள் சாகவில்லையே.

நேயர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், தான் குடியிருக்கும் பழைய வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று பார்க்க முடியுமா என்று. முடியும். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள், அதில்தான் வீடு வீடாகப் பெயர் வருகிறது. வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 15-க்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். 1851-ல் பிறந்த ஊரும் சேர்கிறது. அந்த ஊர்ப் பெயர் கிடைத்ததும், அங்குள்ள சர்ச் ஏட்டைத் தேடுங்கள்.