கோர்ஃப்: கோட்டையும் எதிரே ஒரு தேவாலயமும்

[காட்சி: தேவாலய வாசலிலிருந்து குன்று]

வணக்கம். இங்கிலாந்தின் தெற்கே டோர்செட் பகுதியில், கோர்ஃப் காசில் என்ற சின்ன ஊரில் நிற்கிறோம். முதுகுப் பக்கம் ஊர்த் தேவாலயம். நிமிர்ந்து பார்த்தால், 55 மீட்டர் உயரக் குன்றின்மேல் இடிந்த கோட்டை. இரண்டும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன பாருங்கள். இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

தேவாலயம் புனித எட்வர்டின் பெயரைத் தாங்கியது. 978-இல் இந்த ஊரில்தான் அந்த இளவயது மன்னர் கொல்லப்பட்டார். அவர் காலத்தில் இந்தக் கற்கோட்டை கிடையாது. அதைத் தொடங்கியது முதலாம் வில்லியம். நடுக்கோபுரம் அவர் மகன் முதலாம் ஹென்றி காலத்தது.

[காட்சி: உடைந்த மதில்]

சரி, 1643-க்கு வருவோம். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். கோட்டைக்கு உரிமையாளரான நீதிபதி ஜான் பேங்க்ஸ், மன்னரோடு வெளியூரில் இருந்தார். கோட்டையைக் காத்தவர் அவர் மனைவி மேரி. நாடாளுமன்றப் படை சுமார் ஆறு வாரம் முற்றுகையிட்டது. மேல்மதிலில் மேரியும் மகள்களும் பணிப்பெண்களும், கூட ஐந்தே வீரர்கள். ஏணி வைத்து ஏறியவர்கள் மேல் கல்லையும் நெருப்புக் கங்கையும் கொட்டினார்கள். படை திரும்பி ஓடியது.

அந்தப் படை பீரங்கி வைக்கத் தேர்ந்தெடுத்த இடம்தான் இந்தத் தேவாலயம். அங்கே நடந்ததை மன்னர் தரப்பின் அக்காலப் பதிவொன்று சொல்கிறது: பாதிரியாரின் வெள்ளை அங்கியைக் கிழித்து இரண்டு வீரர்களுக்குச் சட்டை தைத்தார்களாம். ஆர்கன் என்ற தேவாலய இசைக்கருவியின் குழாய்களில் வெடிமருந்து நிரப்பினார்களாம். கூரையின் ஈயத்தை வெட்டிச் சுருட்டி, வார்க்காமலே குண்டாகச் சுட்டார்களாம். எதிரி எழுதியது, கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம். ஆனாலும், ஊரார் ஞாயிறுதோறும் பாடிய ஆர்கன் அது என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது.

1646 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது, சண்டையில் அல்ல. உள்ளேயிருந்த பிட்மன் என்ற அதிகாரி, உதவிப்படை என்று சொல்லி எதிரி வீரர்களையே உள்ளே அழைத்து வந்துவிட்டார். அப்புறம் நாடாளுமன்ற உத்தரவுப்படி, மதில்களுக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். உள்வாயிலை நன்றாகப் பாருங்கள். அதன் ஒரு பாதி அப்படியே கீழே சரிந்து, இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது.

[காட்சி: ஊர்த் தெரு]

உதிர்ந்த கற்கள் ஊர் வீடுகளின் சுவர்களுக்குப் போயின. தேவாலயத்தை 1859-60-இல் திரும்பக் கட்டினார்கள். பழைய கோபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. மேரியின் துணிவை மதித்து, கோட்டைச் சாவிகளை அவரிடமே விட்டுவிட்டார்கள். அவர் குடும்பம் பிறகு கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.