1984இல் ஓட்டுப் போட்டிருக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். சிந்திக்கும் முறை, அரசியல் கொள்கைகள், அறம் ஆகியவற்றின் அடிப்படைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பொதுப்படையாகப் பேசினால் காற்றோடு போய்விடும். அதனால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் இந்திய வீடுகளுக்குள்ளேயே சண்டை மூட்டிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 1984 ஆகஸ்ட் 28ஆம் தேதி இந்தியர்களுக்கென்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் நம்மவர்கள் ஓட்டுப் போடப் போயிருக்க வேண்டுமா, கூடாதா?

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983இல் வந்த அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தை மூன்று சபைகளாகப் பிரித்தது. வெள்ளையருக்கு 178 இடம், கலர்ட் என்று அரசு வகைப்படுத்திய கலப்பின மக்களுக்கு 85, இந்தியருக்கு 45. நாட்டின் பெரும்பான்மையான ஆப்பிரிக்கருக்கு ஓர் இடம்கூட இல்லை. பள்ளிக்கூடம், வீட்டுவசதி போன்றவற்றை அந்தந்தச் சபை தன் மக்களுக்காகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அந்தத் தேர்தலில் நின்றவர்கள் துரோகிகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். துரோகி என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அவர் சொன்ன வாதம் சரியா தப்பா என்பதற்கு அது பதிலே இல்லை. எதிராளியின் வாதத்தை அவரே தலையாட்டும்படி முதலில் சொல்லிக்காட்ட வேண்டும், அப்புறம்தான் மறுக்க வேண்டும்.

சரி, சொல்லிப் பார்ப்போம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்டு, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விடப்பட்ட ஒரு குடும்பம். மகனுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகளும் வந்தாச்சு, தனி வீடு மட்டும் கிடைக்கவில்லை. முன்னறையில் இரவில் பாய் விரித்தால் கதவைத் திறக்க இடமில்லை. அந்த அம்மாவிடம் ஒருவர் வந்து, "நாங்கள் உள்ளே போனால் வீடு கட்டித் தருவோம், உள்ளிருந்தே மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மாற்றுவோம்" என்கிறார். இதை அற்பமான பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வராது.

ஆனால் அதற்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கவனித்தீர்களா? வீடு கட்டலாம் என்பது ஒன்று, எல்லாவற்றையும் மாற்றலாம் என்பது இன்னொன்று. முதலாவது நடக்கக்கூடியது. வீடுகளும் பள்ளிகளும் கட்டப்படத்தான் செய்தன. இரண்டாவதைச் சரிபார்க்க வெறும் கூட்டல் கணக்குப் போதும். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் வெள்ளையர் சபைக்கு 50 பேர், கலர்ட் சபைக்கு 25, இந்தியர் சபைக்கு 13. இருபத்தைந்தும் பதின்மூன்றும் சேர்ந்தால் 38தான். இரண்டு சபையும் ஒற்றுமையாக நின்றாலும் தோற்கும்படிதான் சட்டத்தையே எழுதியிருந்தார்கள். அதிகாரம் கைமாறும் என்று சொன்னவர் இந்த எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே கறார்த்தனம் நம் பக்கத்துக்கும் வேண்டும். அன்று பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். மீதி நான்கு பேரும் கொள்கைக்காகப் புறக்கணித்தவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அக்கறையில்லாதவர்களும் இருந்திருப்பார்கள், பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். மிரட்டல்தான் காரணம் என்று போட்டியிட்ட தரப்பு சொன்னது. ஓட்டுப் போடாதீர்கள் என்று சொன்ன நேட்டால் இந்தியக் காங்கிரஸின் பிரச்சாரம் வலுவாக இருந்தது உண்மை. அதனால் அந்த எண் புறக்கணிப்பை ஆதரிக்கும் நல்ல சான்றுதான். ஆனால் ஒவ்வொருவர் மனதையும் அது திறந்து காட்டிவிடாது.

இனி, கொள்கைகள். அந்தச் சட்டத்தை யார் யார் எதிர்த்தார்கள் என்று பாருங்கள். இனவெறி ஆட்சியை எதிர்த்தவர்கள் 1955இல் கிளிப்டவுனில் ஏற்ற சுதந்திர சாசனத்தின் வழி வந்தவர்கள், இங்கே வாழும் எல்லாருக்கும் நாடு சொந்தம் என்று எதிர்த்தார்கள். கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தார், ஒடுக்கப்பட்டவர்களான ஆப்பிரிக்கரும் கலர்டும் இந்தியரும் சேர்ந்தே கறுப்பர், இது அவர்களைப் பிரிக்கும் சூழ்ச்சி என்றார்கள். தாராளவாத வெள்ளையர் கட்சியான முற்போக்கு ஃபெடரல் கட்சி, பெரும்பான்மையை ஒதுக்கும் சட்டம் நிலைக்காது என்றது. 1982இல் ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்துபோன கன்சர்வேடிவ் கட்சியும் எதிர்த்தது. ஏன் தெரியுமா? இந்தியருக்கும் கலர்டுக்கும் இவ்வளவு கொடுத்ததே அதிகமாம்!

நான்கு தரப்புக்கும் முடிவு ஒன்று, காரணங்கள் வேறு வேறு. ஒருவர் எதை எதிர்க்கிறார் என்பதை மட்டும் பார்த்து அவரை நம்மவர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இன்றைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும், "எதை எதிர்க்கிறீர்கள்?" என்பதோடு நிற்காமல், "அதன் இடத்தில் எதை வைப்பீர்கள்? யாருக்காக?" என்றும் கேளுங்கள்.

அறக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர், "எத்தனை குடும்பத்துக்குக் கூரை கிடைத்தது?" என்று கேட்பார். நெறியை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர், "இன்னொருவரை மனிதராக மதிக்காத ஏற்பாட்டில் நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்பார். எனக்கு இரண்டு கேள்வியும் முக்கியம். அந்த அம்மா வீட்டுச் சாவியை வாங்கியிருந்தால், அதைக் குற்றம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் கூரை அவருடைய உரிமை, அதைப் பறித்ததும் அதே அரசுதான். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஓட்டால் சம்மதம் கொடுத்தது தவறு என்பது என் முடிவு. சாட்ஸ்வர்த்துக்குப் பக்கத்திலேயே, ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கிய உம்லாசி இருக்கிறது. அங்கே இருந்த தொழிலாளிக்கு நாடாளுமன்றத் தேர்தலில் 1994 ஏப்ரல் வரை ஓட்டே இல்லை. அவருக்குச் சேர வேண்டிய இடத்தை விட்டுக்கொடுக்கும் உரிமையை அவர் நமக்குத் தரவில்லை.