தீர்ப்புக்கு அடுத்த நாள் கதை யாரோடு போக வேண்டும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விசுவமடுவிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் வந்திருக்கிற சபையோரே, வணக்கம்.

ஒரு குற்றத் தொடர். கூட்டு வன்புணர்வு வழக்கு. எதிரிகளாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரில் மூவருக்குச் சிறை. நாலாமவனுக்கு எதிராகச் சான்று போதாதென்று விடுதலை. அந்தப் பெண் நீதிமன்றப் படியிறங்குவதோடு தொடர் முடிகிறது. இந்தக் கதை வன்னியில் தொடர்ந்தால், இரண்டாம் பாகம் யாரோடு போக வேண்டும்? விடுதலையானவனைத் துரத்தும் பொலிஸ் அதிகாரியோடா, அந்தப் பெண்ணோடா? அதிகாரியோடு என்கிறது எதிரணி. "தீர்ப்பு வந்த பிறகு அவள் வீட்டில் இருப்பாள், அதில் என்ன கதை?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எனக்கு முன் பேசிய தம்பி.

தம்பி, முதலில் உங்கள் கதையைப் பார்ப்போம். மேல் நீதிமன்றம் விடுதலை செய்த ஒருவரை அதே குற்றத்துக்காக அந்த அதிகாரி மறுபடி பிடித்துக் கூட்டில் ஏற்ற முடியாது. சட்டமா அதிபர் அந்த விடுதலையை எதிர்த்து மேன்முறையீடு செய்து வென்றால்தான் வழி திறக்கும். அந்த முடிவு எடுக்கப்படுவது கொழும்பில், ஒரு கோப்பை வாசித்து. உங்கள் அதிகாரி துரத்துகிற ஒவ்வொரு காட்சியும் சட்டத்துக்கு வெளியே நடக்கும். சட்டம் தவறியதைச் சொல்ல வந்த தொடர், இரண்டாம் பாகத்தில் சட்டத்தை மீறுகிறவரை நாயகன் ஆக்குவதா?

இப்போது அவள் பக்கம். தண்டிக்கப்பட்ட மூவரும் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு கொடுக்கலாம், கொடுப்பார்கள். பிணையும் கேட்பார்கள். விசேட காரணம் காட்டினால்தான் பிணை என்றாலும், அது கிடைத்ததா இல்லையா என்று அவளுக்கு யார் சொல்வது? பலருக்குச் சந்தியில் ஆளைக் கண்ட பிறகுதான் தெரியும். வழக்கேடு தமிழில் இருக்கும். அது மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்காக மொழிபெயர்க்கப்பட வேண்டும், பிரதி எடுக்கப்பட வேண்டும், தவணை போடப்பட வேண்டும். அத்தனை காலமும் அவள் அதே ஊரில், அதே கூட்டுறவுக் கடை வரிசையில் நிற்கிறாள்.

இது என் கற்பனையா? விசுவமடுவில் 2010இல் நடந்த சம்பவத்துக்கு, 2015 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் நால்வருக்குக் கடூழியச் சிறை விதித்தது. அன்றைய செய்தியோடு ஒரு தொடரை முடித்திருக்கலாம். 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. எந்தத் தீர்ப்புச் சரி என்று சொல்ல இந்த மேடை இடமல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நான்கு ஆண்டுகளும் அவற்றுக்குப் பிந்தியவையும் கதை இல்லையா?

மேன்முறையீட்டில் வழமையாகச் சாட்சியைக் கூப்பிடுவதில்லை. நீதியரசர்கள் ஏட்டை வாசிக்கிறார்கள். ஆகவே முதல் மூன்று நாளில் எது சேகரிக்கப்பட்டதோ, எது எழுதப்பட்டதோ, அதுதான் பல ஆண்டு கழித்து அவளுக்காகப் பேசும். முதல் பாகத்தில் கண் இமைக்கும் நேரத்தில் கடந்து போன பிழைகளெல்லாம் இரண்டாம் பாகத்தில் எழும்பி வரும்.

அந்தத் தொடரில் தாய் மகளின் உடுப்பை ஒரு சொப்பிங் பையில் சுற்றிப் பொலிஸில் கொடுப்பாள். கவனித்தீர்களா? நம் வெக்கையில் பொலித்தீன் பைக்குள் ஈரம் தங்கும், பூஞ்சணம் பிடிக்கும், மரபணு சிதையும். உடுப்பை நிழலில் உலர விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போட்டு, ஒட்டி, முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுத வேண்டும். பத்தரமுல்லையில் இருக்கிற அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் வரை அந்தச் சங்கிலி ஓரிடத்திலும் அறக்கூடாது. அறுந்தால் எதிரித் தரப்புச் சட்டத்தரணிக்கு வேறொன்றும் தேவையில்லை.

அவள் குளித்துவிட்டுப் போனாள். யாரும் தடுக்கவில்லை. குளித்தாலும் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகத்தான் வேண்டும். 72 மணித்தியாலத்துக்குள் போனால் மாதிரி கிடைக்கும் வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி தடுப்பு மருந்தும் அதே 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். உடம்பில் காயம் இல்லை என்பதால் சம்மதித்தாள் என்றாகாது. நம் தண்டனைச் சட்டக் கோவையின் 363ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் குறுக்கு விசாரணையில் முதலில் வருவது காயத்தைப் பற்றிய கேள்விதான்.

பிறகு வாக்குமூலம். அவள் தமிழில் சொல்ல, சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கினால் என்ன நடக்கும்? முறைப்பாட்டில் "இரவு எட்டு மணி" என்று இருக்கும். ஆறு வருடம் கழித்துக் கூட்டில் நின்று "ஏழு, ஏழரை இருக்கும்" என்பாள். உடனே அது முரண்பாடு, வீ-1 என்று அடையாளமிடப்படும். சேலையின் நிறம் வீ-2. அடையாள அணிவகுப்புக்கு முன்னரே பொலிஸ் நிலைய விறாந்தையில் எதிரியை அவளுக்குக் காட்டியிருந்தால் அந்த அணிவகுப்பே பெறுமதி இழந்துவிடும். நாலாமவன் தப்பியது இப்படித்தான். அவளிடம் பொய் இல்லை. அவளைக் கையாண்டவர்களிடம் முறை இல்லை.

மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டால்? அவள் மறுபடி கூடேற வேண்டும். அதற்குள் கலியாணம் முடித்திருப்பாள், கைக்குழந்தை இருக்கும், மாமியாருக்கு விஷயம் தெரியாமல் இருக்கும். அழைப்பாணை வீட்டு வாசலுக்கு வரும். சினிமாவுக்கு இதைவிட நெஞ்சைப் பிடிக்கிற காட்சி வேறு வேண்டுமா? தொலைவிலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் 2015இலிருந்தே இடம் கொடுக்கிறது. 2023இல் புதிய சட்டமும் வந்தது. அவளுக்காக அதைக் கேட்க ஒருவர் வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின் 365சீ பிரிவின்படி குற்றம். முகநூலில் போட்டவன் மேல் முறைப்பாடு கொடுக்கவும் யாராவது வேண்டும்.

நட்டஈடு கட்டச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடும். கட்டாவிட்டால் மேலும் இரண்டு ஆண்டு வரை சிறை. எதிரி அந்தச் சிறையை இருந்துவிட்டுப் போனால், அவள் கைக்கு ஒரு சதமும் வராது.

ஆகவே இரண்டாம் பாகத்தில் நாயகர் வேண்டுமென்றால், பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காட்டுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவளோடு பஸ் ஏறுகிறவரைக் காட்டுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழைத்தால் எதிர்முனையில் பேசுகிறவரைக் காட்டுங்கள். அடுத்து பேச வருகிற எதிரணித் தலைவரிடம் ஒரு கேள்வி: உங்கள் அதிகாரி நாலாமவனைத் துரத்திப் போகும் அந்த மாலை, மற்ற மூவரும் பிணையில் ஊருக்கு வந்தால், அவள் வீட்டில் யார் இருப்பார்? அதற்கு அவர் பதில் சொன்ன பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.