கொடுத்தாரா, கொடுக்கப்போகிறாரா?

நேயர்களுக்கு வணக்கம். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பெரும் பணக்காரர்கள் சொத்தைத் தானமாகக் கொடுப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு சின்ன மாலைநேரப் பாடசாலைக்குக் கணக்கு எழுதுவது என் வேலை, அதனால் நன்கொடை கேட்டு ஆபீஸ் படி ஏறுகிற பக்கத்திலிருந்துதான் இதைப் பார்க்கிறேன்.

'பாதிச் சொத்தைத் தானம் செய்தார்' என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். கொடுத்துவிட்டாரா, இல்லை கொடுக்கப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறாரா? 2010இல் வாரன் பஃபெட்டும் பில் கேட்ஸ், மெலிண்டா கேட்ஸ் தம்பதியும் சேர்ந்து 'கிவிங் ப்ளெட்ஜ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாழ்நாளிலோ உயில் வழியாகவோ சொத்தில் பாதிக்கு மேல் தர்மத்துக்குத் தருவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். உலகம் முழுக்க 200 பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊரிலிருந்தே விப்ரோ கம்பெனியின் அசீம் பிரேம்ஜி, கிரண் மஜும்தார் ஷா, நந்தன் நிலேகனி, ரோகிணி நிலேகனி, நிகில் காமத் எல்லாரும் இருக்கிறார்கள். நல்ல காரியம், ஆனால் அது வெறும் வாக்கு. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, கொடுக்காமலே இறந்துபோனாலும் யாரும் கேட்க முடியாது.

பிரேம்ஜி செய்ததை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வாக்கோடு அவர் நிற்கவில்லை. 2019 மார்ச்சில் விப்ரோ பங்குகளில் இன்னும் 34 சதவீதத்தின் வருமானத்தை, அன்றைய மதிப்பில் 52,750 கோடி ரூபாய், தன் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார், திரும்பப் பெற முடியாதபடி. முன்னால் கொடுத்ததையும் சேர்த்தால் விப்ரோவில் 67 சதவீதப் பங்கின் பலன் அன்று அறக்கட்டளைக்குப் போனது. டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, வந்தால் அது நேராக அங்கே போகிறது, நாளைக்கு வேறு யோசனை வந்தாலும் மாற்ற வழியில்லை. இதைத்தான் நான் கொடுப்பது என்பேன்.

வாக்குக்கும் கைமாறுவதற்கும் நடுவில் எவ்வளவு காலம் ஓடிவிடும் என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்கிற இந்திய அறிவியல் கழகம்தான். ஜம்ஷெட்ஜி டாட்டா ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்துக்காக பம்பாயில் தனக்கிருந்த கட்டடங்களையும் நிலங்களையும் ஒதுக்கினார். சர்க்கார் இழுத்தடித்ததில் 1904இல் அவர் இறந்தே போனார். பிள்ளைகள் அப்பாவின் சொல்லைக் காப்பாற்றினார்கள், மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் கொடுத்தது, 1909இல்தான் நிலையம் பிறந்தது. பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்திருந்தால்? உயிரோடு இருக்கும்போதே கொடுத்து முடிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் சக் ஃபீனி என்றொரு மனிதர், டியூட்டி ஃப்ரீ கடைகளில் சம்பாதித்தவர், 1984இலேயே தன் பங்கு முழுவதையும் யாருக்கும் தெரியாமல் அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டு வாடகை வீட்டில் குடியிருந்தார். 800 கோடி டாலர் வரை கொடுத்து முடித்து 2020இல் அந்த அறக்கட்டளையையே மூடினார். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, 2023இல் இறந்தார்.

நம்ம தமிழ் ஆட்களிலும் உண்டு. பெங்களூர் கன்டோன்மென்டில் வியாபாரத்திலும் கான்ட்ராக்டிலும் சம்பாதித்த ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்று ஹைகோர்ட் நடக்கிற அட்டாரா கச்சேரி கட்டடம் அவர் எடுத்த கான்ட்ராக்ட்தான். அல்சூர் ஏரிப் பக்கம் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள், அது அவர் பெயர். 150 வருஷம் தாண்டியும் அந்தத் தர்மம் ஓடுகிறது.

சரி, இப்போது சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிகள் சட்டப்படி ஓர் அளவுக்கு மேல் லாபம் பார்க்கிற கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவிட்டாக வேண்டும். இதில் வருகிற பணத்தில்தான் எங்கள் மாதிரி எத்தனையோ பாடசாலைகள் நடக்கின்றன, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அது கம்பெனிப் பணம், அத்தனை பங்குதாரர்களின் பணம், அதுவும் சட்டம் சொல்லிச் செய்கிற செலவு. அதை முதலாளியின் தர்மமாகப் போட்டோவோடு போடுவது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். சொந்தச் சொத்திலிருந்து கொடுப்பவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கைமாறிய பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிறது. ஒரு பெரிய கம்பெனியிலிருந்து எங்களுக்கு டேப்லெட்கள் கொடுத்தார்கள், சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். டீச்சர் சம்பளத்துக்குக் கேட்டபோது, 'அதெல்லாம் நிர்வாகச் செலவு, எங்கள் பாலிசியில் இடமில்லை' என்றார்கள். சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறவர் நிர்வாகச் செலவா? அவர்தானே பாடசாலை! சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் என்ற வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துகிற பொதுச் செலவுக்குத்தான். திட்டத்தை நடத்த நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது. எங்களிடம் இருந்த டீச்சர் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். டேப்லெட்கள் பீரோவில் இருக்கின்றன.

இன்னொன்று, கர்நாடக அரசுப் பள்ளிகளில் இப்போது வாரத்தில் ஆறு நாளும் முட்டை. இரண்டு நாள் அரசு கொடுத்து வந்தது, மீதி நான்கு நாளுக்கு அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2024இல் ஒப்பந்தம் போட்டது, மூன்று வருஷத்துக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். கை கூப்பி வரவேற்கிறேன். அதே நேரத்தில், குழந்தையின் தட்டில் முட்டை விழுவதை ஒரு தனிமனிதரின் நல்ல மனசு தீர்மானிக்கும்படி ஒரு சர்க்கார் விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தம் முடிகிற அன்று அந்தச் செலவை பட்ஜெட்டில் ஏற்க அரசு இப்போதே தயாராக வேண்டும், அதற்குப் பெரும் சொத்துகளின் மேல் வரி தேவையென்றால் போடட்டும். பெரும் சொத்து வைத்திருப்பவர்களிடம் மத்திய அரசு வாங்கிய 'வெல்த் டாக்ஸ்' என்று ஒன்று இருந்தது, அதையும் 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். தர்மம் வருகிறதே என்று வரியை விட்டுக்கொடுக்க முடியாது.

கடைசியாக, ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு. உங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவில் யார் யார், என்னென்ன திட்டங்கள் என்பதை வெப்சைட் இருந்தால் அதில் போட்டாக வேண்டும் என்பது விதி. திறந்து பாருங்கள். ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுக்கிறார்களா, எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று அந்தக் குழுவுக்கு ஒரு மெயில் போடுங்கள். வெளியிலிருந்து நாங்கள் கேட்பதைவிட உள்ளே இருக்கிற நீங்கள் கேட்டால் பதில் வரும். நன்றி, வணக்கம்.