இருபது செவி இருந்தும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்தக் குளிரிலும் நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் நுவரெலியா மக்களுக்கும் வணக்கம்.

"கம்பன் காட்டும் இராவணனை வீழ்த்தியது ஆசையா, கேளாச் செவியா?" இதுதான் இன்றைய தலைப்பு. ஆசைதான் என்று எதிரணி அக்கா உருக்கமாகப் பேசி முடித்தார். சீதை மேல் ஆசை வைக்காவிட்டால் பகை ஏது, பகை இல்லாவிட்டால் போர் ஏது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த ஆசை எந்த வாசல் வழியாக அவனுக்குள் நுழைந்தது என்பதை அக்கா சொல்லவில்லை.

நடுவர் அவர்களே, இராவணன் சீதையைக் கண்ணால் பார்த்து மயங்கவில்லை. மூக்கறுபட்டு வந்த சூர்ப்பணகை அவையில் நின்று சீதையின் அழகை அங்கம் அங்கமாக வர்ணிக்கிறாள். அதைக் கேட்டே அவன் நிலைகுலைகிறான். அன்றிரவு நிலவு சுடுகிறது என்று நிலவைப் போகச் சொல்லிவிட்டுச் சூரியனை வரவழைக்கிறான். கண்ணெதிரே ஒரு பெண் உருவம் தோன்றுகிறது. தங்கையைக் கூப்பிட்டு, "நீ சொன்ன சீதை இவளா?" என்று கேட்கிறான். அவள் கண்ணுக்கோ அங்கே இராமன் நிற்கிறான்! அண்ணன் மனத்தில் இருப்பது அண்ணனுக்குத் தெரிகிறது, தங்கை மனத்தில் இருப்பது தங்கைக்குத் தெரிகிறது. பார்க்காத ஒருத்திக்காக ஒரு பேரரசன் இப்படித் தவிக்கிறான் என்றால், எதிரணி சொல்லும் அந்த ஆசையைப் பெற்றதே அவன் செவிதான்.

சாதாரண அரசனா அவன்? மூன்று கோடி ஆண்டு வாழ்நாள். யாராலும் வெல்ல முடியாத வரம். கயிலையைப் பெயர்த்த தோள். நாரதருக்கே நயம்படப் பாடிக் காட்டிய நாக்கு. சாமகானத்தில் ஒரு சுரம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் காது அவனுடையது. அனுமன் அவன் ஊருக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அதன் செழிப்பைக் கண்டு வியந்து நின்றான். இங்கிருந்து பதுளைப் பக்கம் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் சீதா எலிய கோயில் வந்துவிடும். அங்கே ஓடைக்கரைப் பாறையில் உள்ள பள்ளங்களை அனுமனின் பாதம் என்று காட்டுவார்கள். எல்லயில் இருந்து வெல்லவாய போகும் வழியில் விழும் அருவிக்கு இராவணன் பெயர். மலையகத்துப் பிள்ளைகளுக்கு அவன் பக்கத்து ஊர்க்காரன் மாதிரி. அதனால்தான் அவன் அழிவைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, அவனுக்கு நல்லது சொல்ல ஆளே இல்லையா? இருந்தார்கள். முதலில் மாரீசன் சொன்னான். அவன் தலைக்குமேல் வாள் வந்தது. பிறகு அனுமன், அங்கதன், பாட்டன் முறையான மாலியவான் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். யார் சொல்லும் ஏறவில்லை.

வீடணன் கதையில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். வெறும் புத்திமதி சொன்னால் எடுபடாது என்று அவன் இரணியன் கதையை அவையில் விரிவாகச் சொல்கிறான். கம்பன் அதற்கு ஒரு படலத்தையே ஒதுக்குகிறான். வரம் வாங்கிய ஆணவத்தில் அழிந்த ஒருவனின் கதை அது. இராவணனும் முழுவதையும் கேட்கிறான். கேட்டுவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? பெற்ற தகப்பனின் பகைவனோடு சேர்ந்துகொண்ட பிரகலாதன் மாதிரிதான் நீயும் என்று தம்பியை விரட்டுகிறான். கதை காதில் விழுந்தது. ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, தம்பியை அடிக்கத் தோதான ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டான். இதையா ஆசை என்கிறீர்கள்?

கும்பகருணனை எழுப்பிப் போருக்குப் போ என்றபோது அவன் சொன்னது என்ன? சீதையை விட்டுவிடு, இராமனைப் பணி, தம்பியோடு கூடி வாழ், பிழைப்பதற்கு அதுதான் வழி. அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. போய் உறங்கு என்கிறான். அந்தச் சொல்லைத் தாங்கமாட்டாமல் சூலத்தைக் கையில் எடுத்த கும்பகருணன், புறப்படும்போதும் சொல்கிறான்: என்னை அவர்கள் வென்றுவிட்டால் உன்னையும் வெல்வது உறுதி, அப்போதாவது அவளைக் கொடுத்துவிடு. சாகப் போகிற தம்பி அண்ணனிடம் கேட்ட கடைசி வரம் இது.

அந்தத் தம்பி களத்தில் நிற்கும்போது அரசன் எங்கே இருந்தான்? அசோகவனத்தில். அமைச்சன் மகோதரன் ஒரு யோசனை சொல்லியிருந்தான்: மருத்தன் என்ற அரக்கனைச் சனகனாக உருமாற்றி, பெற்ற தகப்பனே வந்து சொல்வதுபோல் சீதையிடம் பேசவைக்கலாம் என்று. இந்த யோசனை மட்டும் அவன் காதில் உடனே ஏறியது. நம் பாட்டன்மார் சொல்வார்களே, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரை ஒழுகுவது துரைக்குத் தெரியாது, துரை காதுக்குப் போவதெல்லாம் பெரிய கங்காணி சொல்லும் இனிப்பான பேச்சு மட்டும்தான் என்று. அப்படித்தான் ஆனது இலங்கை. பொய்ச் சனகனை வைத்துக்கொண்டு அரசன் நிற்கிற அந்த இடத்துக்கே தூதர் வந்து, கும்பகருணன் மாண்ட செய்தியைச் சொல்கிறார்கள்.

அக்கா, ஆசைதான் காரணம் என்றால், ஆசை தீர ஒரு வழி கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். இந்திரசித்து அந்த வழியைச் சொன்னான். எதிரியை இரண்டு முறை வீழ்த்திக் காட்டிய மகன், புண்பட்டுத் திரும்பி வந்து, பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே அப்பா, சீதை மேல் வைத்த ஆசையை விட்டுவிடு, அவர்கள் சீற்றம் தணிந்து போய்விடுவார்கள் என்கிறான். அப்போது தகப்பன் சொன்ன பதிலில் சீதையைப் பற்றிய ஏக்கமே இல்லை. முன்னே செத்தவர்களை நம்பியோ, உன்னை நம்பியோ நான் இந்தப் பகையைத் தேடவில்லை, "என்னையே நோக்கி" தேடிக்கொண்டேன் என்கிறான். நடுவர் அவர்கள் இந்த இரண்டு சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். காதல் பேசும் பேச்சா இது? தன் குரலைத் தவிர வேறு குரல் கேட்காதவன் பேச்சு.

கடைசியாக ஒன்று. ஆசை கண்ணை மறைத்த பிறகு காது எப்படிக் கேட்கும் என்று எதிரணி கேட்கலாம். கேட்டிருக்கிறது. இந்திரசித்து இறந்த பிறகு, சீதையை வெட்டியே தீருவேன் என்று இராவணன் வாளோடு ஓடுகிறான். அதே மகோதரன் குறுக்கே வந்து, ஒரு பெண்ணைக் கொன்றால் பழி வந்து சேரும் என்கிறான். இராவணன் நின்றான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த வெறியில் ஓடியவனை ஒரு சொல் நிறுத்தியது. அப்படியானால் அவனுக்குக் கேட்க முடிந்தது. தம்பிமார் சொன்னபோதும் மகன் சொன்னபோதும் அவன் கேட்கவில்லை. இதை மனத்தில் வைத்து, கேளாச் செவிதான் அவனை வீழ்த்தியது என்று தீர்ப்பளிக்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.