செக் தெரிந்தால் மக்காக் வரும்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்ச நாள் முன்னால் பேரனையும் அவன் கூட்டாளிகளையும் பாபநாசம் பக்கம் கூட்டிப்போனேன். வழியில் ஒரு பலகையில் சிங்கவால் குரங்கின் படம், கீழே ஆங்கிலப் பெயர். பேரன் சத்தமாக வாசித்தான்: "லயன் டெயில்டு மகாக்யூ." பக்கத்தில் நின்றவன், "ரேஷன் கடை க்யூவால?" என்று கேட்க, ஒரே சிரிப்பு.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. சொல்லின் கடைசியில் க்யூ, யூ, ஈ என்று மூன்று எழுத்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் வாய் போகும். "சரி, பேங்க் செக்குக்கு ஸ்பெல்லிங் சொல்லு" என்றேன். சொன்னான். அதன் வாலிலும் அதே மூன்று எழுத்து! அதை யாரும் செக்யூ என்பதில்லையே. பிரெஞ்சு வழியாக வந்த எழுத்து முறை அது; ஒலி வெறும் 'க்'தான்.

அப்புறம் இன்னொரு சிக்கல், இது நம் எழுத்தால் வருவது. தமிழில் 'மகாக்' என்று எழுதிக்கொண்டால், 'மகன்' என்பதில் வருவது போல நடுவிலுள்ள க மெலிந்துவிடும். அதனால் நோட்டில் 'மக்காக்' என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். ம-வை லேசாகத் தொட்டுவிட்டு, அழுத்தத்தைக் 'காக்'கில் வைக்க வேண்டும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிற ஊரில் இருந்துகொண்டு உச்சரிப்புப் பாடம் நடத்துகிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான்.

இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. 1976-இல் களக்காடு சரணாலயம் வந்ததே முக்கியமாக இதைக் காப்பாற்றத்தான். முகத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி மாதிரி நரைமயிர் இருந்தாலும், ஆங்கிலப் பெயர் வால்நுனிக் குஞ்சத்தைப் பார்த்து வைத்தது. நம் ஆட்கள் அது வாழும் இடத்தைப் பார்த்துச் சோலைமந்தி என்றார்கள். எனக்கு அதுதான் பிடித்தம்.

பேரன் இப்போது க்யூவை விட்டுவிட்டான். ஆனால் பஸ்ஸை 'பஸ்ஸு' என்கிற பழக்கத்தில் 'மக்காக்கு' என்கிறான். திருத்த வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். அவர்கள் வாயில் அது, கிட்டத்தட்ட, மக்காக்குதான்.